ஐந்து மாணவர்களோடு ஒரு கல்லூரி: ஹாரி பக்கும் நம் கூடைப்பந்துக் கம்பமும்

போன இதழில் நம் பகுதிக்குப் பெயர் தந்த திவான் பகதூர் ரத்தினசபாபதி முதலியாரைப் பற்றி எழுதியிருந்தேன். ‘ஏ’ பிளாக் நண்பர்கள் சிலர் லிஃப்டில் நிறுத்தி நல்ல வார்த்தை சொன்னார்கள். ஒருவர் மட்டும், “பழைய கதையெல்லாம் சரிங்க சார், பார்க்கிங்குக்கு ஒரு வழி சொல்லுங்க” என்றார். இந்த இதழின் கட்டுரை அந்தப் பார்க்கிங்கிலிருந்துதான் கிளம்புகிறது.

‘பி’ பிளாக்குக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு கூடைப்பந்துக் கம்பம் நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பில்டர் விளம்பரத்தாளில் அது ‘பாஸ்கெட்பால் கோர்ட்’. உண்மையில் அரை கோர்ட்கூட இல்லை. வளையம் துருப்பிடித்துவிட்டது, வலை எப்போது அறுந்தது என்று யாருக்கும் நினைவில்லை. அந்த இடத்தை நான்கு கார் நிறுத்தவும், மின்சாரக் கார்களுக்கு சார்ஜிங் பாயின்ட் வைக்கவும் மாற்றலாம் என்று வரும் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. ஒப்புதல் படிவம் வீட்டுக்கு வந்தபோது ‘சரி’ என்று கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவன்தான் நான். என் மகனுக்கும் இரண்டாவது கார் வந்திருக்கிறது, மறைப்பானேன். கையெழுத்துப் போடாமல் அந்தத் தாள் இன்னமும் மேஜை மேல் இருப்பதற்கு இரண்டு பேர் காரணம். ஒருவர் எனக்குத் தெரிந்தவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இன்னொருவர் நான் பிறப்பதற்குப் பல வருடம் முன்பே இறந்துபோன ஓர் அமெரிக்கர். பெயர் ஹாரி குரோ பக்.

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது 1977-ல், இங்கே கோவையில் பி.காம். சேர்ந்த வருடம். கல்லூரி பி.டி. சார் காலை ஆறு மணிக்கு மைதானத்தில் விசிலோடு நிற்பார். அவர் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்தவர். எம்.ஏ., எம்.எஸ்சி. படித்த பேராசிரியர்கள் ஸ்டாஃப் ரூமில் அவரைத் தங்களுக்குச் சமமாக நடத்தியதில்லை என்பது மாணவர்களான எங்களுக்கே தெரியும். அவரும் அதைக் காட்டிக்கொள்ள மாட்டார். யாராவது ‘டிரில் மாஸ்டர்’ என்று சொல்லிவிட்டால் மட்டும், “நான் மிஸ்டர் பக் ஆரம்பிச்ச காலேஜ்ல படிச்சவன்டா” என்பார். பக் யார் என்று அப்போது நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கதையைக் கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்க வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்று ஓர் ஊர். அங்கே ஒய்.எம்.சி.ஏ. பணிக்கு ஆள் தயார் செய்ய ஒரு சிறிய பயிற்சிக் கல்லூரி இருந்தது. 1891 டிசம்பர். வெளியே பனி, மைதானம் கிடையாது. உடற்பயிற்சிக் கூடத்துக்குள் தண்டால், கம்பு சுற்றல் என்று ஒரே மாதிரி செய்து சலித்துப்போன 18 மாணவர்கள் ஆசிரியர்களைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தார்கள். துறைத் தலைவர் லூதர் குலிக், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடாக்கார ஆசிரியரைக் கூப்பிட்டு, இரண்டு வாரத்தில் உள்ளரங்கில் ஆட ஒரு புது ஆட்டம் கண்டுபிடி என்றார்.

நெய்ஸ்மித் ஒன்பது வயதிலேயே தாய் தந்தையை டைபாய்டுக்குப் பறிகொடுத்தவர். மாமா வீட்டில் வளர்ந்து, நடுவில் படிப்பை விட்டு மரம் வெட்டப் போய், திரும்பி வந்து இறையியல் படித்தவர். அவர் யோசித்த விதம் எனக்குப் பிடிக்கும். கால்பந்தை உள்ளே ஆடினால் ஜன்னல் உடையும், ரக்பி ஆடினால் எலும்பு உடையும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதால்தானே ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள்? அப்படியானால் பந்தோடு ஓடக் கூடாது. கோல் தரைமட்டத்தில் இருந்தால் பந்தை ஓங்கி அடிப்பார்கள். தலைக்கு மேலே இருந்தால் மெதுவாகத்தான் தூக்கிப் போட முடியும். அட்டைப்பெட்டி இருக்கிறதா என்று கட்டடக் காவலரிடம் கேட்டார். இல்லை, பீச் பழக்கூடை இரண்டு இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தார். கூடத்தின் மேல்மாடிக் கைப்பிடியில் அவற்றை ஆணி அடித்து மாட்டினார்கள். அந்த மாடி தரையிலிருந்து 10 அடி உயரம். அதற்கு வேறு கணக்கோ தத்துவமோ கிடையாது. இன்றைக்கும் உலகம் முழுக்க வளையம் 10 அடியில்தான் இருக்கிறது. பக்கத்துக்கு 9 பேர், கால்பந்துதான் பந்து, 13 விதிகள். முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கோல். அந்த 13 விதிகளைத் தட்டச்சு செய்த இரண்டு தாள்களும் 2010-ல் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்குப் போயின. நெய்ஸ்மித்தோ காப்புரிமைகூட வாங்கவில்லை.

அவர் பிறகு மருத்துவமும் படித்து, 1898-ல் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கூடைப்பந்து அணியின் முதல் பயிற்சியாளர் அவர்தான். ஒன்பது வருடத்தில் 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாகக் காட்டும் பயிற்சியாளர் அவர் ஒருவர்தான் என்கிறார்கள். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவருக்கே பற்றுப் பக்கம் கூடுதல்! ஆனால் அவருக்கு அது பெரிய விஷயமாகப் பட்டதில்லை. இந்த ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் எதற்கு, சும்மா ஆட வேண்டியதுதானே என்று தன் மாணவரிடமே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அந்த மாணவர் ஃபாக் ஆலன், பின்னாளில் கான்சாஸின் மிகப் பெரிய பயிற்சியாளர் ஆனவர்.

ஸ்பிரிங்ஃபீல்டு மாணவர்கள் உலகின் மூலை முடுக்கெல்லாம் போனார்கள். முதல் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்குத் தலைவராக இருந்த டங்கன் பேட்டன் 1894 வாக்கில் இந்தியாவுக்கு வந்து இந்த ஆட்டத்தை அறிமுகப்படுத்தினார் என்று சொல்வார்கள். ஆனால் ஓர் ஆள் வந்து காட்டிவிட்டுப் போவதால் ஆட்டம் பரவிவிடாது. ஊருக்கு ஊர் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். ஹாரி பக் இங்கேதான் கதைக்குள் வருகிறார்.

பக் 1884-ல் பென்சில்வேனியாவில் லிவர்பூல் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். இங்கிலாந்து லிவர்பூல் அல்ல. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்று, 1919-ல் சென்னைக்கு வந்தார். 1920-ல் எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் அந்தச் செங்கல் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1900-ல் கட்டியது. அதற்குப் பணம் கொடுத்தவர் பிலடெல்பியாவின் பெரிய வணிகர் ஜான் வானமேக்கர். பேரம் பேசாமல் சாமானில் விலைச் சீட்டு ஒட்டி விற்கும் வழக்கத்தைப் பரப்பியவர்களில் ஒருவர் அவர் என்று காமர்ஸ் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் கொடுத்த கட்டடத்தில் பக் சேர்த்த முதல் மாணவர்கள் மொத்தம் ஐந்து பேர்.

ஐந்து பேர் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் கூடைப்பந்தில் இன்று ஒரு பக்கத்துக்கு ஆட வேண்டியவர்களே ஐந்து பேர். எதிர் அணிக்கு ஆள் கிடையாது! அப்போதைய சென்னை மாகாணத்தில் ‘உடற்பயிற்சி ஆசிரியர்’ என்று ஒரு வேலையைப் படித்துப் பட்டம் வாங்கிப் பார்க்கலாம் என்று நினைத்தவர்களே அரிது. பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்தான் டிரில் எடுப்பார். லெஃப்ட், ரைட், அவ்வளவுதான். உடற்பயிற்சி என்பதும் ஒரு கல்வி, அதற்கு உடற்கூறு தெரிய வேண்டும், குழந்தை மனம் தெரிய வேண்டும், விளையாட்டு விதி தெரிய வேண்டும் என்ற எண்ணத்தை இங்கே வேரூன்றச் செய்த பள்ளி அது. ஆசியாவிலேயே இந்த வகைக் கல்லூரிகளில் மிகப் பழமையானது என்று அதைச் சொல்கிறார்கள். எஸ்பிளனேடிலிருந்து ராயப்பேட்டை, அங்கிருந்து சைதாப்பேட்டை என்று இடம் மாறி, அடையாற்றங்கரையில் நிலைகொண்டது. அதைத்தான் இன்று நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. என்கிறோம். சென்னைக்குப் போகிறவர்களுக்கு அது புத்தகக் கண்காட்சி நடக்கும் மைதானம். இந்தியா, பர்மா, சிலோன் மூன்றிலிருந்தும் அங்கே படிக்க வந்தார்கள்.

பக்கைப் பற்றித் தேடினால் அவரை ‘ஒலிம்பிக் இயக்கத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர்’ என்றுதான் முதலில் எழுதியிருப்பார்கள். அதுவும் சரிதான். 1924 பிப்ரவரியில் டில்லியில் மாகாணங்களுக்கிடையே போட்டிகள் நடந்தன. இன்றைய தேசிய விளையாட்டுப் போட்டிகளின் தொடக்கம் அது. அதை நடத்தியதில் பக்குக்கு முக்கியப் பங்கு. அங்கே தேறிய வீரர்களோடு அந்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு மேலாளராகக் கப்பலேறியவரும் அவர்தான். அந்த அணியில் தடை தாண்டி ஓடிய சி.கே. லட்சுமணன் இருந்தார். பின்னாளில் மருத்துவராகி, நாட்டின் சுகாதாரப் பணிகளுக்கே தலைமை இயக்குநர் ஆனார். நீளம் தாண்ட தலீப் சிங். பதக்கம் ஒன்றும் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்துப் போகவும் இல்லை.

திரும்பி வந்த பிறகு நடந்த வேலைதான் பெரிது. ஒய்.எம்.சி.ஏ.வின் டாக்டர் நோரனும் பக்கும் மாகாணம் மாகாணமாகச் சுற்றி, அங்கங்கே ஒலிம்பிக் சங்கங்கள் அமைக்க ஆள் பிடித்தார்கள். சங்கம் அமைப்பது எவ்வளவு சிரமம் என்று நம் நிர்வாகக் குழுவைக் கேட்டால் தெரியும். 120 வீட்டில் கோரம் சேர்க்க முடியவில்லை, அவர்கள் ரயிலில் அலைந்து இந்தியா முழுக்கச் சேர்த்திருக்கிறார்கள். அதன் பலனாக 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானது. தோராப்ஜி டாடா தலைவர், நோரன் செயலாளர். அதற்கு அடுத்த வருடம் ஆம்ஸ்டர்டாமில் ஹாக்கித் தங்கம் வந்தது எல்லோருக்கும் தெரியும். அது தயான்சந்த் கதை, இங்கே வேண்டாம்.

எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் படுவது பக்கின் விதிப் புத்தகம். கால்பந்து, கூடைப்பந்து, வாலிபால், தடகளம், சடுகுடு மாதிரியான நம் ஆட்டங்கள் என்று எல்லாவற்றின் விதிகளையும் ஒரே புத்தகத்தில் தொகுத்து வெளியிட்டார். பல பதிப்பு கண்ட புத்தகம். எங்கள் பி.டி. சாரின் மேஜையில் அட்டை கிழிந்து, பழுப்புத் தாள் ஒட்டிய ஒன்று இருந்தது. சடுகுடுவுக்கு ஊருக்கு ஊர் ஒரு வழக்கம் உண்டல்லவா? எங்கள் பாட்டி ஊரான அவினாசிப் பக்கம் ஆடியதும், பொள்ளாச்சிப் பக்கம் ஆடியதும் வேறு வேறு. இரண்டு ஊர்ப் பையன்கள் மோதினால் ஆட்டம் பாதியில் அடிதடியில் முடியும். அளவும் விதியும் எழுத்தில் வந்தால்தான் திருநெல்வேலிக்காரனும் பெஷாவர்க்காரனும் ஒரே கோட்டில் நிற்க முடியும். வங்கியில் 36 வருடம் வவுச்சர் பார்த்தவன் என்பதால் எழுத்தில் இருப்பதன் அருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும் போலிருக்கிறது. ‘வியாயாம்’ என்று உடற்கல்விக்கென ஓர் இதழும் அந்தக் கல்லூரியிலிருந்து வந்தது.

1936-ல் பெர்லினில் கூடைப்பந்து முதல்முறையாக ஒலிம்பிக் ஆட்டமானது. 74 வயது நெய்ஸ்மித்தை அங்கே அனுப்ப, கூடைப்பந்து ஆடுகிறவர்கள் காசு போட்டுச் சேர்த்தார்கள். டென்னிஸ் ஆடும் மண் தரையில், கொட்டும் மழையில் இறுதி ஆட்டம். அமெரிக்கா 19, கனடா 8. பந்து தட்டினால் எழும்பவே இல்லையாம். வெற்றி பெற்றவர்களுக்குப் பதக்கம் கொடுத்தவர் நெய்ஸ்மித். மூன்று வருடம் கழித்து அவர் இறந்தார். பக் 1943-ல் காலமானார், வயது 58. வந்த வேலையை முடித்து ஊருக்குத் திரும்பலாம் என்று இருந்தவர் இல்லை. கடைசி 24 வருடமும் அந்தக் கல்லூரிதான் அவர் வாழ்க்கை.

பக் எத்தனை ஆட்டம் ஜெயித்தார் என்று கேட்டால் பதில் இல்லை. அவர் தயார் செய்தது அணியை அல்ல, அணியைத் தயார் செய்கிறவர்களை. அந்த ஐந்து பேர் ஐம்பதாகி, நூறாகி, ஒவ்வொரு ஜில்லாவிலும் ஒரு ஹைஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார்கள். தென்னங்கம்பத்தில் வளையம் மாட்டினார்கள். நம் பக்கமும் அதே வகைக் கல்லூரி வந்தது. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் மாருதி உடற்கல்விக் கல்லூரி. கோவை மாவட்டப் பள்ளிகளில் விசில் ஊதிய பல பேர் அங்கே படித்தவர்கள். கூடைப்பந்தைப் பொறுத்தவரை கோவை சாதாரண ஊர் இல்லை. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. கோப்பை, வ.உ.சி. பூங்கா பக்கம் மாநகராட்சி அரங்கில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, இரண்டும் அரை நூற்றாண்டைத் தாண்டி நடக்கும் அகில இந்தியப் போட்டிகள். பம்பு செட் கம்பெனி பெயரில் பெண்களுக்கும் ஒரு கோப்பை உண்டு. நம் ஊருக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இப்போது அந்த முதல் ஆளுக்கு வருகிறேன்.

1980-களில் நான் கிளார்க்காக இருந்த ஒரு கிளையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒருவர் வந்து சேர்ந்தார். தேனிப் பக்கத்துக்காரர், ஆறடி இரண்டு அங்குலம். அந்தக் காலத்தில் இந்தியன் பேங்க், ஐ.ஓ.பி. மாதிரி வங்கிகளும் ரயில்வேயும் கூடைப்பந்து அணி வைத்திருந்தன. அதனால் ஏழைக் குடும்பத்துப் பையனுக்குப் பந்து என்பது மாதச் சம்பளம் தரும் சமாசாரமாக இருந்தது. நாங்கள் எல்லாம் பரீட்சை எழுதி உள்ளே வந்தவர்கள். அந்த மிதப்பு எங்களுக்கு இருந்தது. டோர்னமென்ட்டுக்கு அவர் லீவில் போனால் அவர் கவுன்ட்டரும் எங்கள் தலையில் விழும். “பந்து போட்டு வேலைக்கு வந்த ஆளு” என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. கேஷ் டேலி ஆகாத ஒரு மாலை, எல்லோரும் பஸ் பிடிக்கக் கிளம்பிய பிறகு, என்னோடு ஒன்பது மணி வரை உட்கார்ந்து கட்டுக் கட்டாகத் திரும்ப எண்ணியவர் அவர்தான். 500 ரூபாய் குறைந்தது. இரண்டு பத்து ரூபாய்க் கட்டு ஒட்டிக்கொண்டு, ஒன்று கணக்கில் பாதியாக ஏறியிருந்தது. கண்டுபிடித்தார். வெளியே வந்து டீ குடிக்கும்போது சொன்னார்: “எங்க ஊர்ல பி.டி. மாஸ்டர் ஒருத்தர் இருந்தாருங்கண்ணே. எங்கப்பா என்னை எஸ்டேட் வேலைக்கு அனுப்பறேன்னு சொன்னப்ப வீட்டு வாசல்ல வந்து உக்காந்துட்டாரு. அவரு இல்லன்னா நான் இங்க உக்காந்து உங்க பணத்த எண்ணியிருக்க மாட்டேன்.” அவருடைய மாஸ்டரும் நந்தனத்தில் படித்தவராம். நான் சொன்ன வார்த்தைக்கு அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். டீக்குக் காசு மட்டும் கொடுத்தேன்.

அவர் இப்போது உயிரோடு இல்லை. பி.டி. சாரும் இல்லை.

பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வது எங்கள் காலத்திலேயே உண்டு. என் பேத்தியிடம் கேட்டேன், பத்தாம் வகுப்பில் அந்தப் பீரியடே டைம்டேபிளில் பெயருக்குத்தான் இருக்கிறதாம். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பல வருடம் தலைமை தாங்கி, 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார் என்றேன். “அப்படியா தாத்தா?” என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆண்கள் அணி ஒரே ஒரு முறை, 1980 மாஸ்கோவில், பல நாடுகள் வராமல் போனதால் ஒலிம்பிக்கில் ஆடியது என்பது எனக்கே சமீபத்தில்தான் தெரியும். நான் டிகிரி முடித்த வருடம் அது.

பார்க்கிங் கேட்கிற நண்பர்களின் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. டி.பி. ரோட்டில் வண்டி நிறுத்திவிட்டு நடந்து வருகிறவர்களில் என் மகனும் ஒருவன். சார்ஜிங் பாயின்ட்டும் வேண்டியதுதான். அதைப் பார்வையாளர் பார்க்கிங் சுவரை ஒட்டி வைக்க முடியுமா என்று நம் எலக்ட்ரீஷியனைக் கேட்டேன். கேபிள் நீளம் கூடும், செலவும் கூடும், ஆனால் முடியும் என்றார். மதிப்பீட்டைப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். பொதுக்குழுவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். எந்தப் பக்கம் போனாலும் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் நடமாடுவதற்கு முன், பிளம்பரிடம் ஏணி வாங்கி, வாட்ச்மேன் பையனை ஏற்றிவிட்டு டேப் பிடித்து அளந்து பார்த்தேன். இரண்டு முறை தரைக்கு சிமென்ட் போட்டு உயர்த்தியதில் வளையம் ஒன்பது அடி ஏழு அங்குலத்தில் நிற்கிறது. ஐந்து அங்குலம் ஏற்ற வேண்டும். வெல்டிங் கடையில் 1,800 ரூபாய் கேட்கிறார்கள், வலை தனி.